விரலுக்கு அடங்கும் வெளிச்சம்

கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்விகள் இருபது வருடமாக மாறவே இல்லை. முதலில் "எத்தனை மெகாபிக்சல்?" என்பார்கள். அடுத்து, "ஜூம் எவ்வளவு போகும்?" கடைக்காரரும் இரண்டுக்கும் பதிலைத் தயாராக வைத்திருப்பார். மேனுவலாக இயக்கக்கூடிய ஒரு சின்ன கேமரா வேண்டும் என்று தீர்மானித்து வருகிறவர் கேட்க வேண்டியது வேறு. கேமராவைப் பிடித்த பிடியில், எதிரே நடப்பதிலிருந்து பார்வையை விலக்காமல், அப்பர்ச்சரையும் ஷட்டர் வேகத்தையும் விரலாலேயே மாற்ற முடிகிறதா? முடிகிறது என்றால் மற்றதைப் பேசலாம். மெனுவுக்குள் போய், அம்புக்குறியை நாலு தடவை அழுத்தி, ஓகே கொடுத்துத்தான் மாற்ற வேண்டும் என்றால், பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எழுத்தில் 'மேனுவல்' என்று அச்சிட்டிருந்தாலும் அந்த கேமரா உதவாது. மெனுவிலிருந்து நிமிர்வதற்குள் குழந்தை சிரித்து முடித்திருக்கும்.

இப்படிப்பட்ட கேமராவைத் தேடிப் பிடிப்பதே இன்றைக்குச் சிரமம்தான். ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர்களின் சங்கமான 'சிபா' தரும் கணக்குப்படி, 2010இல் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். அவற்றில் 10 கோடிக்கும் அதிகமானவை லென்ஸைக் கழற்ற முடியாத சின்ன கேமராக்கள். 2023இல் அந்தச் சின்ன கேமராக்களின் எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. கல்யாண வீடுகளில் ஆளாளுக்குக் கையில் தொங்கவிட்டிருந்த அந்த வெள்ளி நிறப் பெட்டிகளை ஃபோன் விழுங்கிவிட்டது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலானவை எல்லாவற்றையும் தாமே முடிவு செய்துகொண்டவை. அந்த வேலையை ஃபோன் இன்னும் நன்றாகச் செய்கிறது. தப்பிப் பிழைத்தவை எவை என்று பார்த்தால் விஷயம் விளங்கும். ரிக்கோவின் ஜிஆர், ஃபியூஜிஃபில்மின் எக்ஸ்100, சோனியின் ஆர்எக்ஸ்100, கேனானின் ஜி7எக்ஸ். அத்தனையும் எடுப்பவரின் கைக்கு வேலை கொடுக்கிற கேமராக்கள்.

ஃபோன் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. முன்பெல்லாம் "ஃபோனில் இருப்பது துளியூண்டு சென்சார்" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். இப்போது 1 அங்குல வகை சென்சாரே சில ஃபோன்களில் வந்துவிட்டது. ஷாவ்மி 14 அல்ட்ராவில் அப்பர்ச்சரைக்கூடக் கூட்டிக் குறைக்கலாம். ஆகவே சென்சாரைக் காட்டி மட்டும் இனி வாதாட முடியாது. ஃபோன் யாருடைய முடிவில் படத்தை எடுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம். வெள்ளையடித்த சுவரின் முன்னே, வெள்ளைப் புடவையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். நல்ல கறுத்த முகம். முகம் முழுக்கச் சுருக்கங்கள், ஒவ்வொன்றிலும் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்திருக்கிறது. எந்த கேமராவின் ஒளி மீட்டருக்கும் ஒரே ஒரு நம்பிக்கைதான்: எதிரே இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம். சட்டகம் முழுக்க வெள்ளையாக இருப்பதைப் பார்த்ததும், 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்து அது ஒளியைக் குறைக்கும். சுவர் சாம்பலாகும். பாட்டியின் முகம் கறுப்புத் திட்டாகும். பழைய ஆட்டோமேட்டிக் கேமராக்களில் நம் குடும்பப் படங்கள் பலவும் இப்படித்தான் பாழாயின. ஃபோன் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் இன்னொரு வகையில் மோசம். முகத்தை அடையாளம் கண்டு, பல படங்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துச் சேர்த்து, முகத்தை மட்டும் தூக்கி வெளுப்பாக்கும். பல ஃபோன்கள் தோலையும் வழுவழுப்பாக்கிவிடும். சுருக்கம் போயிற்று, நிறம் போயிற்று, பாட்டியே போயிற்று.

மேனுவல் கேமராவில் இதற்கு ஒரு நிமிடம் போதும். மீட்டரை 'ஸ்பாட்'டில் வைத்து முகத்தை மட்டும் அளக்க வேண்டும். அந்த மீட்டர் கறுத்த முகத்தையும் நடுச்சாம்பல் என்றே நம்பும் என்பதால், அது சொல்வதைவிட ஒரு ஸ்டாப் குறைவாக, அதாவது பாதி வெளிச்சத்துக்கு, வைக்க வேண்டும். முகம் தன் சொந்த நிறத்தில் வரும். சுவர் முகத்தைவிட ஏறக்குறைய மூன்று ஸ்டாப் வெளிச்சமாக இருக்கும். கேமரா பதப்படுத்தாத 'ரா' கோப்பில் எடுத்தால் அதுவும் வெளுத்து அழியாமல் நிற்கும். பிறகு பாட்டி திரும்பினாலும், பின்னால் யாராவது வெள்ளை வேட்டியில் குறுக்கே போனாலும், கேமரா மனம் மாறாது. வைத்தது வைத்தபடி இருக்கும். கறுத்த தோலைக் கறுத்த தோலாகவே, அதன் மினுமினுப்போடு எடுக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்குத் தீவிரமாக உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே மேனுவல் கேமரா வாங்கலாம் என்று யாரிடமும் சொல்வேன்.

ஃபோனிலும் 'ப்ரோ' மோடு இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அது கண்ணாடித் திரையில் விரலை இழுக்கிற வேலை. எங்கே இழுக்கிறோம் என்பதைப் பார்த்தாக வேண்டும். ஒரு டயலுக்கு மேடும் பள்ளமும் 'க்ளிக்'கும் உண்டு. மூன்று க்ளிக் என்றால் ஒரு ஸ்டாப். பெரும்பாலான கேமராக்களில் அப்படித்தான். இருட்டிலும் எண்ணிக்கொள்ளலாம்.

போர்க்களத்தில் ஒரு சின்ன கேமரா

சின்ன கேமரா என்றால் பொழுதுபோக்குக்காரர்களுக்கு என்ற எண்ணத்தைப் பலமாக அசைத்தவர் இத்தாலியரான அலெக்ஸ் மயோலி. மேக்னம் புகைப்படக் குழுவைச் சேர்ந்தவர். 2003 வாக்கில், சக புகைப்படக்காரர்கள் செங்கல் கனத்துக்குத் தொழில்முறை கேமராக்களைச் சுமந்துகொண்டிருந்தபோது, ஈராக்கிலும் காங்கோவிலும் அவர் பயன்படுத்தியது ஒலிம்பஸ் சி-5050 என்ற சின்ன கேமரா. 5 மெகாபிக்சல். சாதாரண பென்சில் பேட்டரி நான்கு போட்டால் ஓடும். அந்த ஆண்டுப் படங்களுக்காக அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் சங்கத்தின் விருதும் அவருக்குக் கிடைத்தது.

அந்த கேமராவில் என்ன இருந்தது? எஃப் 1.8இல் தொடங்கும் வெளிச்சமான லென்ஸ். முழு மேனுவல் இயக்கம். இடுப்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கும்படி மடங்கும் திரை. ஓசையே இல்லாத ஷட்டர். முகத்தை மறைக்கும் பெரிய கறுப்பு இயந்திரம் நடுவில் இல்லாததால் எதிரே இருப்பவர்கள் விறைத்துப்போகவில்லை. சென்சார் சின்னதாக இருந்ததிலும் அவருக்கு லாபம்: முன்னே இருக்கும் முகமும் பின்னே இருக்கும் தெருவும் ஒருசேரத் தெளிவாக வரும். பின்னணியை மங்கலாக்குவதுதான் நல்ல படம் என்று நம்புகிறவர்களுக்கு இது குறை. நாலு பேர் நாலு இடத்தில் நின்று நாலு காரியம் செய்யும் ஒரு காட்சியை எடுக்க விரும்புகிறவருக்கு இது வரம்.

இப்போது மெகாபிக்சல் கதைக்கு வரலாம், ஏனென்றால் இன்னும் பலர் அதிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கேனான் 2008இல் ஜி10 என்ற மேனுவல் கேமராவை 14.7 மெகாபிக்சலோடு கொண்டுவந்தது. நகத்தளவு சென்சாரில் அத்தனை புள்ளிகளைத் திணித்ததால், வெளிச்சம் குறைந்த இடங்களில் படம் மணல் தூவியதுபோல ஆனது. மறு ஆண்டே ஜி11 வந்தது. அதில் 10 மெகாபிக்சல்தான். புது மாடலில் எண்ணைக் குறைத்து விற்கத் துணிந்தது அன்றைக்குப் பெரிய விஷயம். குறைத்ததால் படம் மேம்பட்டது என்பதை வாங்கியவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

சென்சாரின் பரப்பளவைத்தான் கேட்க வேண்டும். சாதாரணச் சின்ன கேமராக்களில் இருக்கும் 1/2.3 அங்குல வகையின் பரப்பு ஏறக்குறைய 28 சதுர மி.மீ. சோனி ஆர்எக்ஸ்100இல் இருக்கும் 1 அங்குல வகை 116. பானசோனிக் எல்எக்ஸ்100இல் இருக்கும் ஃபோர் தேர்ட்ஸ் வகையின் முழு அளவு 225. ஜிஆரிலும் எக்ஸ்100இலும் இருக்கும் ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 370. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் பதின்மூன்று மடங்கு. ஒரே அப்பர்ச்சர், ஒரே ஷட்டர் வேகத்தில் வைத்தால், பதின்மூன்று மடங்கு வெளிச்சம் பெரிய சென்சாரில் போய்ச் சேருகிறது. மாலை ஆறரைக்கு மேல் படம் எடுக்கிறவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

வளையமா, டயலா?

கேனான் 2009இல் கொண்டுவந்த எஸ்90ஐ இன்றும் சிலர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சட்டைப் பையில் போகும் அளவு. லென்ஸைச் சுற்றி ஒரு வளையம். அதற்கு என்ன வேலை என்பதை நாமே ஒப்படைக்கலாம்: அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ, எது வேண்டுமானாலும். இடது கை லென்ஸைப் பிடித்திருக்கும்போதே திருப்பலாம். இன்றைய சின்ன கேமராக்கள் பலவற்றின் வளையங்களுக்கு இதுதான் மூத்தது. பின்பக்கச் சக்கரம் மட்டும் லூசாக இருந்தது; பைக்குள் போட்டு எடுத்தால் செட்டிங் தானாக மாறியிருக்கும். அடுத்த ஆண்டு வந்த எஸ்95இல் சக்கரத்தை இறுக்கமாக்கினார்கள். இவ்வளவு சின்ன விஷயம் ஒரு கேமராவைக் காப்பாற்றவும் செய்யும், கெடுக்கவும் செய்யும்.

2012இல் சோனி ஆர்எக்ஸ்100 வந்தபோது பலருக்கும் நம்ப முடியவில்லை. 240 கிராம் எடையில் 1 அங்குல சென்சார். முன்னே வளையம், பின்னே சக்கரம், முழு மேனுவல். ஒரே குறை, அந்த வளையம் க்ளிக் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும். எத்தனை படி மாறியது என்பதைத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2016இல் வந்த கேனான் ஜி7எக்ஸின் இரண்டாம் பதிப்பில், வளையம் க்ளிக்கோடு சுற்றவா, வழுக்கலாகச் சுற்றவா என்பதைத் தேர்ந்துகொள்ள ஒரு சின்னப் பொத்தானே வைத்திருந்தார்கள். வீடியோ எடுப்பவருக்கு வழுக்கல் தேவை. போட்டோ எடுப்பவருக்கு க்ளிக். யோசித்து வைத்த பொத்தான்.

ஜூம் பற்றி ஒரு வார்த்தை. லென்ஸின் நெற்றியில் இரண்டு எஃப் எண்கள் எழுதியிருக்கும். முதல் ஆர்எக்ஸ்100இல் அது 1.8 - 4.9. விளம்பரம் முன்னதைத்தான் சொல்லும். ஜூமை முழுக்க நீட்டினால் லென்ஸ் 4.9ஆகிவிடும், உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகக் குறையும். 2014இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஜூமைச் சுருக்கி, 1.8 - 2.8 என்று வைத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த வரிசையிலேயே மேனுவல் வேலைக்கு உகந்தது அதுவும் அதன் தம்பிகளான நான்கு, ஐந்தும்தான். ஏழாம் பதிப்பின் நீளமான 24 - 200 ஜூம் பயணங்களுக்குச் சுகம், ஆனால் வெளிச்சமான முனையே 2.8இல்தான் தொடங்குகிறது.

வளையத்துக்கு வேலை ஒப்படைப்பது ஒரு வழி. ஒவ்வொரு வேலைக்கும் தனி டயல் வைப்பது இன்னொரு வழி. பழைய ஃபிலிம் கேமராக்களின் வழி அது. பானசோனிக் எல்எக்ஸ்100 (2014) லென்ஸின் மேல் எஃப் எண்கள் பொறித்த வளையத்தையும், தலையில் ஷட்டர் டயலையும் வைத்தது. கேமரா அணைந்திருக்கும்போதே செட்டிங் தெரியும். வீட்டிலிருந்து இறங்கும்போதே 'எஃப் 5.6, 1/250' என்று வைத்துக்கொண்டு போகலாம். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100இன் முதல் பதிப்பு 2011இல் இதே வழியில் வந்ததுதான். ஜூமே இல்லாத ஒற்றை லென்ஸ், கண்ணால் நேராகப் பார்க்கும் கண்ணாடி வ்யூஃபைண்டர், அதன் மேல் மிதக்கும் சட்டகக் கோடுகள். சட்டகத்துக்கு வெளியே இருப்பதும் தெரியும் என்பதால், யார் உள்ளே நுழையப் போகிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். 2020இல் வந்த எக்ஸ்100வி சமூக ஊடகங்களில் இளைஞர்களிடம் பிரபலமாகி, கடைகளில் கிடைக்காமல் போனது. 2024இல் வந்த எக்ஸ்100விஐ 40 மெகாபிக்சலும் உள்ளேயே நடுக்கத் தடுப்பும் கொண்டது. இங்கே விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். அருமையான கேமரா, ஆனால் 521 கிராம். சட்டைப் பைக்கு ஆகாது, தோள்பை வேண்டும். அந்தப் பணத்தில் பாதிக்குக் கிடைக்கும் கேமராவை எடுத்து, மீதியைப் பயணத்துக்குச் செலவழிப்பவரை நான் மதிப்பேன்.

ஒரு கையால் ஜிஆர்

எனக்கு மனதுக்கு நெருக்கமானது ரிக்கோ ஜிஆர். 1996இல் ஃபிலிம் கேமராவாகத் தொடங்கிய வரிசை. டோக்கியோவின் ஷின்ஜுகு தெருக்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பெயர்பெற்ற டைடோ மொரியாமாவின் கையில் பல ஆண்டுகள் இருந்தது இந்த வரிசைதான். 2013இல் ஏபிஎஸ்-சி சென்சாருக்கு மாறியது. 2019இல் வந்த மூன்றாம் பதிப்பு பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். ஜூம் கிடையாது, 28 மி.மீ. பார்வை. அது அகலமாகப் படுகிறது என்பவர்களுக்காக 2021இல் 40 மி.மீ. பார்வையோடு ஜிஆர் 3எக்ஸ் வந்தது.

வலது கையால் பிடித்தால், ஆள்காட்டி விரலுக்கு முன்னே ஒரு டயல், அப்பர்ச்சருக்கு. கட்டைவிரலுக்குப் பின்னே ஒரு நெம்புகோல், ஷட்டருக்கு. இடது கையில் குடை பிடிக்கலாம், பேருந்துக் கம்பியைப் பிடிக்கலாம். ஆனால் ஜிஆரின் உண்மையான பெருமை 'ஸ்னாப் ஃபோகஸ்' என்ற ஏற்பாடு. தூரத்தை முன்கூட்டியே நாம் சொல்லிவிடலாம்: 1 மீட்டர், 1.5, 2, 2.5, 3.5, 5, முடிவிலி. ஷட்டர் பொத்தானைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால், கேமரா ஃபோகஸ் தேடாது. சொன்ன தூரத்தில் உடனே எடுத்துவிடும்.

எஃப் 8இல் வைத்து, தூரத்தை 2.5 மீட்டர் என்று சொன்னால், ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவு வரை எல்லாமே போதுமான தெளிவில் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம், சரியாக வரும். காலை ஒன்பது மணி மார்க்கெட் தெருவில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/500 என்று வைத்துவிட்டால் நிழலுக்குள் போகும்வரை எதையும் தொட வேண்டாம். பூக்காரம்மா முழம் அளக்கக் கையை நீட்டும்போது அழுத்தினால் கை நீட்டியபடியே விழும். நிழலுக்குள் நுழைந்தால் கட்டைவிரல் ஷட்டரை மூன்று ஸ்டாப் இறக்கும், 1/60க்கு. அசைவு இருந்தால் அப்பர்ச்சரைத் திறந்து ஈடுகட்டலாம். அப்போது தெளிவின் ஆழம் குறையும் என்பது நினைவிருக்க வேண்டும். எதை விட்டு எதை எடுப்பது என்ற இந்தப் பேரத்தைத்தான் மேனுவல் என்கிறோம். கொஞ்ச நாளில் இது யோசனையில்லாமலே விரலுக்கு வந்துவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஜிஆர் 3இன் பேட்டரி ஒரு சார்ஜில் சுமார் 200 படம்தான்; இன்னொன்று பையில் இல்லாமல் வெளியே இறங்க முடியாது. உள்ளே வெளியே போய்வரும் லென்ஸ் தூசியை இழுக்கும், நம் ஊர்த் தூசிக்கு இது லேசான விஷயம் இல்லை. ஃபிளாஷ் இல்லை. வ்யூஃபைண்டர் இல்லை.

இந்தக் கடைசிக் குறையைத்தான் தமிழ்நாட்டு வாசகர் நிறுத்தி யோசிக்க வேண்டும். மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் எந்தத் திரையும் தெரியாது. திரையில் நம் முகம்தான் தெரியும். ஜிஆர், ஜி7எக்ஸ் இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை கிடையாது. எக்ஸ்100, எல்எக்ஸ்100 இரண்டிலும் உண்டு. மூன்றாம் பதிப்பு முதல் ஆர்எக்ஸ்100இல் உள்ளிருந்து எழும்பும் சின்ன வ்யூஃபைண்டர் உண்டு. பகலில் வெளியே நிறைய எடுப்பவர் இதற்காகவே தன் தேர்வை மாற்றிக்கொள்ளலாம்.

வெயிலில் இன்னொரு சிக்கல். பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு மனப்பாடமான வாய்ப்பாடு உண்டு: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16, 1/100 நொடி. அதையே எஃப் 2க்கு மாற்றினால் ஷட்டர் 1/6400 ஆக வேண்டும். இந்தச் சின்ன கேமராக்களின் லென்ஸுக்குள் இருக்கும் இதழ் ஷட்டர் அவ்வளவு வேகம் போகாது. அதனால்தான் எக்ஸ்100இலும் ஜிஆரிலும் உள்ளேயே ஒரு கறுப்புக் கண்ணாடி, அதாவது என்டி ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்100வியில் அது நான்கு ஸ்டாப். 1/6400 என்பது 1/400 ஆகிவிடும். கடையில் யாரும் சொல்லித்தராத வசதி இது. கேட்டு வாங்க வேண்டும்.

கடையில் ஐந்து நிமிடம்

கடையில் கேமராவைக் கையில் கொடுத்ததும் எல்லோரும் எதிரே நிற்கும் விற்பனையாளரைத்தான் படம் எடுப்பார்கள். அவரை விட்டுவிட்டு மேலே பாருங்கள், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். மோடு டயலை 'எம்'மில் வைத்து, ஷட்டரை 1/1000க்குக் கொண்டுபோய் ஒரு படம். இறக்கைகள் அனேகமாக நின்றுவிடும். பிறகு 1/15க்கு இறக்கி ஒன்று. இறக்கைகள் கரைந்து வட்டமாகிவிடும். இரண்டுக்கும் இடையே ஆறு ஸ்டாப். முதல் படத்துக்கு ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்டிருந்தால் இரண்டாவதுக்கு 100 போதும். கையைப் பார்க்காமல், கேமராவைக் கண்ணிலிருந்து இறக்காமல், இதைச் செய்ய முடிந்ததா? எங்கே தடுமாறினீர்கள் என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது முறையும் அதே இடத்தில் விரல் தடுமாறினால் அந்த கேமரா உங்கள் கைக்கு ஒத்துவராது. 6400இல் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரின் யோக்கியதையும் தெரிந்துவிடும்.

அடுத்து, அப்பர்ச்சரைத் திருப்பிப் பாருங்கள். 2.8, 3.2, 3.5, 4 என்று படிப்படியாக நகர வேண்டும். விலை குறைந்த சில கேமராக்களில் 'எம்' மோடு இருக்கும். ஆனால் இரண்டே இரண்டு எஃப் எண்கள்தான் வரும். லென்ஸுக்குள் விரிந்து சுருங்கும் இதழ்களே அவற்றில் இருக்காது. ஒரு கறுப்புக் கண்ணாடி குறுக்கே வந்து வெளிச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். தெளிவின் ஆழம் துளியும் மாறாது. இது மேனுவல் என்ற பெயரில் நடக்கும் ஏமாற்று, கடுமையாகவே சொல்கிறேன்.

'ரா' கோப்பு தருமா என்றும் கேளுங்கள். தராது என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பில்லும் இந்தியாவில் செல்லுபடியாகும் வாரன்ட்டி கார்டும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து நேரே வந்த சரக்கு நாலைந்தாயிரம் குறைவாகக் கிடைக்கும், பழுதானால் இங்குள்ள சர்வீஸ் சென்டர் வாரன்ட்டியில் ஏற்காது.

பட்ஜெட் சிறியது என்றால் பழைய கேமராவைத் தயங்காமல் வாங்கலாம். ஆர்எக்ஸ்100இன் மூன்றாம் பதிப்போ, முதல் எல்எக்ஸ்100ஓ நல்ல நிலையில் கிடைத்தால், கற்றுக்கொள்வதற்கு அதைவிட மேலானது தேவையில்லை. ஆனால் சோதித்து வாங்க வேண்டும். ஜூம் இருந்தால் முழுக்க நீட்டி, முழுக்கச் சுருக்கி, பத்துத் தடவையாவது கேமராவை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். லென்ஸ் ஒருமுறை தயங்கி நின்றாலும் வேண்டாம். கீழே விழுந்ததாகவோ மணல் புகுந்ததாகவோ இருக்கும், பழுது பார்க்கும் செலவு கேமராவின் விலைக்குப் பக்கத்தில் வரும். பிறகு அப்பர்ச்சரை ஆகச் சிறியதாக வைத்து, வெள்ளைத் தாளையோ வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. ஓரிரண்டு இருந்தால் பேரம் பேசலாம், நிறைய இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

வாங்கிய அன்றைக்கே செய்ய வேண்டியவை சில. திரையின் வெளிச்சம் தானாகக் கூடிக் குறையும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் படம் இருட்டா வெளிச்சமா என்று திரை பொய் சொல்லும். வெளுத்துப்போகும் இடங்கள் மினுக்கும் எச்சரிக்கையைப் போட்டுக்கொள்ள வேண்டும். வளையத்துக்கு அப்பர்ச்சர், சக்கரத்துக்கு ஷட்டர், கட்டைவிரலுக்குப் பக்கத்துப் பொத்தானுக்கு ஐஎஸ்ஓ என்று வேலைகளை ஒப்படைத்துவிட்டு, அந்த ஒப்படைப்பை மறுபடி மாற்றவே கூடாது. விரல் பழகுகிற நேரத்தில் இடத்தை மாற்றினால் பழையபடி மெனுவைத் தேட வேண்டி வரும். முதல் வாரம் முழுக்க ஐஎஸ்ஓவை 400இல் நிறுத்திவிட்டு, மற்ற இரண்டை மட்டும் மாற்றி எடுத்துப் பாருங்கள். வீட்டு வாசல், சமையலறை ஜன்னல், தெருவிளக்கு. மூன்று இடத்திலும் எந்த எண் என்று இரண்டாவது வாரம் மீட்டரைப் பார்க்காமலே சொல்ல வரும்.